சட்டையில் வேறொரு வாசம்

மூன்று நாளில் பதினாறு பேக்கரி. ரொட்டி என்ற சொல்லைக் கேட்டாலே ரேடியோ காதைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, இன்னொரு பேக்கரி வாசல்ல என்னை நிறுத்தினீங்கன்னா, என்னையும் துண்டு போட்டு கண்ணாடி அலமாரியில வெச்சிடுவாங்க," என்றபடி அவன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். விசில் ஊதாத நேரமெல்லாம் வாய் ஓடிக்கொண்டே இருந்ததால் சக ஊழியர்கள் வைத்த பெயர் ரேடியோ. வேலை போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த அவனுடைய முதலாளிக்கும் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான். கிளவுஸ் அக்கா. தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் பதினைந்து வருஷம் தையல் சரிபார்த்தவர். கம்பெனி மூடியதும் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். 'அங்க தையல்ல ஓட்டை தேடினேன், இங்க கதையில தேடறேன். சம்பளம்தான் குறைச்சல்' என்பார்.

மேஜை மேல் இறுக்கி மூடிய ஓர் எவர்சில்வர் டப்பா இருந்தது. உள்ளே ஒரு சட்டை. அந்தச் சட்டைதான் கேஸ்.

டப்பாவைக் கொண்டுவந்து வைத்தவள் பக்கத்துத் தெரு நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் அம்மாள். வந்த அன்று அவள் அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று ரேடியோவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"என் வீட்டுக்காரர் வாசனைச் சரக்கு பண்ற ஃபேக்டரியில வேலை பாத்தார். பேஸ்ட், மிட்டாய் எல்லாத்துக்கும் அங்கேருந்துதான் வாசம் போகுது. வர்ற ஒவ்வொரு டிரம்மையும் மோந்து பாத்து, சரி, சரியில்லைன்னு எழுதிக் குடுக்கறது அவர் வேலை. மூக்கு சார்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பூட்டின வீட்டுக்குள்ள எந்த அலமாரியில வாழைப்பழம் பழுத்திருக்குன்னு தெருவுல நின்னே சொல்லுவார்."

அக்கா ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. பதினொரு வயசு. மூணு மாசம் முன்னாடி அவளுக்குச் சளி, மூக்கடைப்பு. ஸ்கூல் அனுப்பலை. அவளைப் பாத்துக்க அவர் லீவு போட்டார். நான் வேலைக்கு வந்துட்டேன். மத்தியானம் பாப்பா ஆவி பிடிக்கத் தண்ணி வெக்கலாம்னு அடுப்பைப் பத்த வெச்சிருக்கா. காஸ் குழாயில விரிசல். சமையல்கட்டு பூரா காஸ் நிறைஞ்சிருந்திருக்கு." கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் தடவினாள். "மூணு நாள் இருந்தா."

ரேடியோ தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைப் பார்க்கவில்லை.

"முன் ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருந்தேன்னார். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கினேன்னார். அக்கம்பக்கத்துல எல்லாரும் அவர் குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வந்ததைத்தான் பாத்தாங்க. நீங்களே சொல்லுங்க. அந்த மூக்கை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் முன் ரூம்ல முழிச்சு உக்காந்திருந்தா, பின் ரூம்ல காஸ் வர்றது தெரியாம இருக்குமா? அவர் வீட்டுல இல்லை. கேட்டேன். இருந்தேன்னு சாதிச்சார். அப்பதான் இந்தச் சட்டையை எடுத்துக் காட்டினேன். கல்யாணமான நாள்லேருந்து அவர் சட்டையில புதினா வாசம்தான் வரும். கடைசி மூணு வாரமா வேற வாசம். சீரகத்துக்கு அண்ணன் மாதிரி, ரொட்டியில தூவுவாங்களே ஒரு விதை, அந்த மாதிரி. இது யாரு வீட்டு வாசம்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சட்டையை முகத்துல வெச்சு ரொம்ப நேரம் மோந்தார். அப்புறம் என்னைப் பாத்தார். ஆமா, ஒரு பொம்பளை வீட்டுக்குப் போயிருந்தேன், நான் திரும்பி வர்றப்பதான் வெடிச்சுதுன்னார். யாருன்னு கேட்டா வாயைத் திறக்கலை. மறு நாள் பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டார். வேலையையும் விட்டுட்டார்."

ஆக, தேட வேண்டியது ஒரு பெண்ணை. துப்பு, ஒரு வாசம். முழுசாக அவ்வளவுதான்.

"சனிக்கிழமை நான் என் தங்கச்சி ஊருக்குப் போயிடறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் எழுந்தாள். "அதுக்குள்ள அவ யாருன்னு தெரியணும். அடிக்கப் போறதில்லை, திட்டப் போறதில்லை. முகத்தை ஒரு தடவை பாக்கணும். சளி பிடிச்ச குழந்தையைத் தனியா விட்டுட்டு ஓடற அளவுக்கு அங்க என்ன இருந்துதுன்னு பாக்கணும். வெறுக்க எனக்கு ஒரு ஆள் வேணும். இல்லைன்னா என்னையேதான் வெறுத்துக்கிட்டு இருப்பேன்."

இன்று வியாழன். பதினாறு பேக்கரியிலும் அந்த விதை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி இருந்தார்கள். மீதிப் பேர், மூக்கு சாரின் புகைப்படத்தைக் காட்டியதும், 'யாரு இது, சுகாதார இன்ஸ்பெக்டரா' என்று பதறினார்கள்.

கிளவுஸ் அக்கா டப்பாவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தார். உடனே மூடினார்.

"ரேடியோ, ஒரு ஆம்பளை வீட்டுல இல்லாத நேரம் அதிகமா எங்க இருப்பான்?"

"டீக்கடையில."

"உன்னைக் கேக்கலை. வேலைக்குப் போற ஆம்பளை."

"வேலையில. ஆனா அங்கதான் புதினான்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்களே."

"அவங்க சொன்னாங்க. நாம போய் மோந்து பாத்தோமா?"

ரேடியோ வாயைத் திறந்தான், மூடினான். அபூர்வமான காட்சி.

*

ஃபேக்டரி மேனேஜர் பத்து நிமிஷம் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் தன் வருத்தத்தைச் சொன்னார். "பாவம், நல்ல மனுஷன். குழந்தை போனப்புறம் ஒடிஞ்சிட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் மூக்கு எங்களுக்கு மெஷின் மாதிரி." அப்புறம் யாரோ கூப்பிட, அவர்களைப் பரிசோதனைக் கூடத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லாததால் குண்டூசி குத்தியிருந்தாள். சுவரோரம் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நின்றன. அவை எல்லாம் மூடியிருந்தும் அந்த அறையில் பத்துத் திருவிழாக் கூட்டம் ஒரே நேரத்தில் நடந்து போனது மாதிரி வாசம். ரேடியோ தும்மினான்.

"ஒரு சட்டை மோந்து பாக்கணும்மா," என்றார் அக்கா.

"யாரோடது?"

"அதை அப்புறம் சொல்றேன்."

அவள் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுக்காமல் சின்னச் சின்னதாக மூன்று தரம் மோந்தாள். தொழில் தெரிந்தவர்கள் மோந்து பார்ப்பதே வேறு மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது பேக்கரி வாசம்தானேம்மா?" என்றான் ரேடியோ, பதினாறு கடை ஏறிய உரிமையோடு.

"பேக்கரியில எண்ணெய், மாவு, ஈஸ்ட் எல்லாம் கலந்து வரும். இது தனியா, சுத்தமா இருக்கு." அலமாரியிலிருந்து இரண்டு சிறிய புட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டிலும் தண்ணீர் நிறத்தில் ஏதோ. இரண்டு காகிதக் கீற்றுகளைப் புட்டிக்கு ஒன்றாகத் தோய்த்து நீட்டினாள். "மோந்து பாருங்க."

முதல் கீற்றில் புதினா. கிள்ளிய இலையைக் கசக்கி மூக்கில் வைத்தது போல. இரண்டாவதை மோந்ததும் ரேடியோ கீற்றைத் தள்ளிப் பிடித்தான். ரொட்டி விதை. சட்டை.

"அக்கா, பொம்பளை கிடைச்சிட்டா," என்றான் மெதுவாக. "புட்டிக்குள்ள இருக்கா."

"இது ரெண்டும் என்ன?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் அந்தப் பெண். "பேரு கார்வோன். ரெண்டுலயும் பத்து கார்பன், பதினாலு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். எது எதோட சேர்ந்திருக்குங்கறதும் ஒண்ணுதான். ஒரே எடை, ஒரே கொதிநிலை. ஆனா ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம். ஐசோமர்னு சொல்லுவோம். ஸ்கூல் புத்தகத்துல மாற்றியம்னு இருக்கும்."

"புரியற மாதிரி சொல்லும்மா. நான் டிக்கெட் கிழிச்சவன்."

பதில் அக்காவிடமிருந்து வந்தது. தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்திருந்தார். "இடது கையுறை, வலது கையுறை. ஒரே தோல், ஒரே நூல், அதே அஞ்சு விரல். தராசுல போட்டா ஒரு குந்துமணி வித்தியாசம் வராது. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா பொருந்தாது. எது இடது, எது வலதுன்னு தராசுக்குத் தெரியாது. உள்ள கையை விட்டவனுக்குத்தான் தெரியும்."

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். "அதேதான். மூக்குக்குள்ள வாசத்தைப் பிடிக்கற இடங்களும் கை மாதிரி. இடது வந்தா ஒரு இடம் பிடிச்சுக்கும், வலது வந்தா வேற இடம். அதனால ஒண்ணு புதினா, ஒண்ணு ரொட்டி விதை. உடம்பே அப்படித்தான். உள்ள இருக்கற புரதமெல்லாம் ஒரே கைப்பக்கமா கட்டினது. சில மருந்துல ஒரு கை நோயைத் தீர்க்கும், மறு கை சும்மா கெடக்கும், இல்லைன்னா கெடுத்துடும்."

"என் சம்சாரமும் அவ அக்காவும் மாதிரி," என்றான் ரேடியோ. "ஒரே வீடு, ஒரே மூக்கு, ஒரே நடை. ஒருத்தி வந்தா டீ கிடைக்கும், ஒருத்தி வந்தா நான் டீக்கடைக்குப் போவேன்."

அக்கா சிரிக்கவில்லை. "இந்த ரொட்டி விதையை மூக்கு சார் தினமும் தொடுவாரா?"

"இல்லை. இதுக்கு ஆர்டரே வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்." அவள் குரல் தணிந்தது. "சட்டை சாரோடதா?"

"ஆமா. கடைசி மூணு வாரம் தினம் இந்த வாசத்தோட வீட்டுக்குப் போயிருக்கார்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வாங்க" என்று பின்பக்கக் கிடங்குக்கு அழைத்துப் போனாள். மூலையில் தார்ப்பாய் மூடி ஆறு டிரம்கள் நின்றன. சீட்டில் புதினா என்று இருந்தது. அவள் ஒன்றின் மூடியைத் தளர்த்தியதும் கிடங்கு முழுக்க ரொட்டி விதை.

"சரக்கு அனுப்பறவங்க தப்பா அனுப்பிட்டாங்க. நாங்க எல்லா சோதனையும் பண்ணினோம். எடை சரி, கொதிநிலை சரி. எந்த மெஷினுக்கும் ரெண்டும் ஒண்ணுதான். ஒளியை உள்ள விட்டு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கற கருவி ஒண்ணு இருக்கு. புதினான்னா இடப்பக்கம் திருப்பும், இதுன்னா வலப்பக்கம். அதுல பல்பு போய் ரெண்டு வருஷம். மூக்கு சார் இருக்கறப்ப பல்பு எதுக்குன்னு யாரும் மாத்தலை. பேஸ்ட் கம்பெனியில பல் தேய்ச்சா ரொட்டி வாசம் வருதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது வந்தப்ப சார் வீட்டுல அந்தத் துக்கம். அதைப் போய் அவர்கிட்ட கேக்க யாருக்கும் மனசு வரலை. அப்படியே மூடி வெச்சிட்டோம்."

"இதை மோந்து பாத்து எழுதின அட்டை இருக்கா?"

இருந்தது. குண்டு குண்டான அழகான கையெழுத்து. புதினா. சுத்தம். சரி. கீழே மூக்கு சாரின் ஒப்பம். தேதி, குழந்தை இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு.

ரேடியோ அட்டையைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். தும்மிக்கொண்டிருக்கும் தன் மூக்கே பத்தடி தூரத்தில் கண்டுபிடித்ததை, தெருவில் நின்று வாழைப்பழம் சொன்ன மூக்கு எப்படிக் கோட்டை விட்டது?

"நீ மோந்து பாக்கலையாம்மா?" என்றார் அக்கா.

"அது வந்த அன்னைக்கு நான் லீவு. என் அக்காவுக்குப் பிரசவம். மூணு நாள் கழிச்சு வந்ததும் சொன்னேன், சார், வாசம் மாறியிருக்குன்னு. அவர் மறுபடியும் கீற்றைத் தோய்ச்சு, கண்ணை மூடி நிதானமா மோந்தார். சரியாத்தானே இருக்கு, உனக்குத்தான் ஜலதோஷம்னார். நானும் நம்பி ரெண்டு நாள் மாத்திரை போட்டேன்."

"சாதாரணமா டிரம் வந்தா முதல்ல யாரு மோந்து பாப்பாங்க?"

"நான்தான். எனக்குத் தொழில் கத்துக் குடுத்தார். 'நீ சொல்லு, என்ன வாசம்'னு கேப்பார். நான் சொல்லுவேன். 'சரியாச் சொன்னே'ன்னு எழுதிக்குவார்."

"எப்போலேருந்து கத்துக் குடுத்தார்?"

"போன மழைக்காலத்துல அவருக்கு ஒரு ஜுரம் வந்துது. அது முடிஞ்சு வந்ததுலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கீற்றைத் தொடவே விடமாட்டார். நீ பக்கத்துல நின்னா உன் சோப்பு வாசம்தான் வருது, தள்ளிப் போம்பார்."

சொல்லி முடித்தபின் அவள் தான் சொன்னதைத் தானே கேட்டாள். கை மெல்ல வாய்க்குப் போனது. பக்கத்திலிருந்த காலி டிரம் மேல் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசம்," என்றாள். "எட்டு மாசமா அவர் என் மூக்கை வெச்சு எழுதியிருக்கார். நான் லீவு போட்ட அன்னைக்குத்தான்..."

அவர்கள் கிளம்பும்போது, சாரின் பாக்கிச் சம்பளம் போன புது விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

*

வேனில் ஏறி வெகுநேரம் ரேடியோ சாவியைத் திருப்பவில்லை.

"ஜுரத்துல வாசமே போயிடுமாக்கா?"

"போகும். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. வெளிய சொன்னா ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் மூக்கா இருந்தவர். அது இல்லைன்னா அவருக்குப் பேரே இல்லை. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு காத்திருந்திருப்பார்."

"அப்ப அன்னைக்கு அவர் வீட்டுலதான் இருந்திருக்கார்."

"இருந்திருக்கார்."

"முன் ரூம்ல. பேப்பர் படிச்சுக்கிட்டு."

அக்கா தலையசைத்தார்.

"அப்புறம் எதுக்கு இல்லாத பொம்பளையை இருக்கான்னு சொன்னார்? எந்த ஆம்பளையாவது அப்படிச் சொல்லுவானா? இருக்கறதையே இல்லைம்பாங்க."

"அந்தம்மா சட்டையை நீட்டி இது யாரு வாசம்னு கேட்டாங்களே, அப்பதான் அதுல வேற வாசம் இருக்குங்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எவ்வளவு மோந்தும் ஒண்ணும் வரலை. கைக்கு ஒரு கதை கிடைச்சுது, பிடிச்சுக்கிட்டார். வெளிய சுத்தினவனைத் திட்டலாம், காறித் துப்பலாம். பக்கத்து ரூம்ல உக்காந்திருந்தவனை என்ன சொல்லித் திட்டுவாங்க? அதைக் கேக்கறதுக்கு இது தேவலைன்னு நெனச்சிருப்பார்."

ரேடியோ வண்டியைக் கிளப்பினான். இரண்டு தெரு தாண்டியதும், "அக்கா, சொல்ல வேண்டாமே," என்றான். "யாரோ ஒருத்தி, ஊரை விட்டுப் போயிட்டான்னு சொல்லிடலாம். அந்தம்மா வெறுத்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஜோடி மாறின கையுறையைத் தெரிஞ்சே பெட்டியில போட்டு அனுப்ப எனக்கு வராது, ரேடியோ."

அவன் வண்டியை நூலகத் தெருவுக்குத் திருப்பினான்.

*

நூலகத்தில் மதிய நேரத்துக் கூட்டம் கலைந்திருந்தது. ஒரு பெரியவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். நூலகத்தம்மாள் திரும்பி வந்த புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும், "கிடைச்சாளா?" என்றாள்.

கிளவுஸ் அக்கா சுற்றி வளைக்கவில்லை. டிரம், அட்டை, ஜுரம், அந்தப் பெண்ணின் மூக்கு. நாலைந்து வாக்கியம்தான். நடுவில் ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முத்திரைக் கட்டை மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"தினம் சாயங்காலம் செருப்பைக் கழட்டறப்பவே, 'என்ன, வெங்காயம் வதக்கறியா'ம்பார்," என்றாள் அவள். "நான் சிரிப்பேன். பாப்பாவும் சிரிப்பா. அப்பாவுக்குத் தெருவுலேயே தெரிஞ்சிடும்மான்னு." முத்திரைக் கட்டையை ஓரமாகத் தள்ளினாள். "சத்தத்தை வெச்சுச் சொல்லியிருக்கார். எண்ணெய்ச் சத்தத்தை வெச்சு."

அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை.

"அந்தப் பொம்பளை இருந்திருக்கலாம்," என்றாள். "நிஜமாவே இருந்திருக்கலாம்."

தூங்கிய பெரியவர் புரண்டு உட்கார்ந்தார். அவள் அடுத்த புத்தகத்தை எடுத்தாள். தேதித் தாளை விரித்தாள். முத்திரையை மையில் ஒற்றினாள். ஒற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. எதையோ இப்போதுதான் காதில் கேட்டவள் போல முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு நிமிஷமாவது அப்படி இருந்திருப்பாள். மை சொட்டிப் புத்தகத்தில் விழுந்தது.

"அவர் எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

*

ஊர்க் கோடியில், பச்சைத் தோல் உப்புப் போட்டு அடுக்கும் கிடங்கின் மாடி அறை அது. வேனிலிருந்து இறங்கியதுமே ரேடியோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். கண்ணில் நீர் வந்தது. தோலிலேயே பாதி ஆயுளைக் கழித்த அக்காகூட முந்தானையை எடுத்து முகத்தை மூடினார். இந்த நாற்றத்தில் வாடகைக்கு யார் வருவார்கள் என்று கேட்க வாயெடுத்த ரேடியோ, பாதியில் பதிலும் தெரிந்து, வாயை மூடிக்கொண்டான்.

நூலகத்தம்மாள் மூக்கை மூடவில்லை. விடுவிடுவென்று படி ஏறிக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த மனிதர் சுத்தமாகச் சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். திறந்த கதவைப் பிடித்திருந்த உள்ளங்கையில் தீக்காயத்தின் தழும்பு பளபளத்தது. படியில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"உள்ள வா," என்றார். "அவ பேரைக் கேக்க வந்தியா?"

"இல்லை."

அவள் வாசலிலேயே நின்றாள். "அன்னைக்குக் காலையில நான் கிளம்பறப்ப உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

கதவைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்தன.

"அடுப்புக்கிட்ட லேசா ஏதோ வாசம் வருதே, பாருங்கன்னு சொன்னேன். நீங்க வந்தீங்க. மண்டி போட்டு, குழாய்க்கிட்ட முகத்தை வெச்சு மோந்தீங்க. 'ஒண்ணும் இல்லை, உன் பிரமை, நீ கிளம்பு'ன்னீங்க."

ரேடியோ கைக்குட்டையை இறக்கினான். இது அவர்களிடம் சொல்லாத சங்கதி.

"போலீஸ் கேட்டப்ப இதை நான் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு வாசம் வந்துச்சு, வந்தும் கிளம்பிப் போயிட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? மூணு மாசமா அதை நெனச்சு நெனச்சு, ஒருவேளை நீங்க அவ வீட்டுக்குப் போனப்புறம்தான் குழாய் விரிசல் விட்டிருக்கும், நீங்க மோந்தப்ப ஒண்ணும் இல்லைன்னா நிஜமாவே ஒண்ணும் இருந்திருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இப்பச் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில உங்களுக்கு வாசம் வந்துச்சா?"

கீழே கிடங்கில் யாரோ தோல் கட்டை இழுத்துப் போடும் சத்தம். அது நின்றது.

"வரலை," என்றார் அவர்.

"அதுக்கு முந்தின நாள்?"

"வரலை. ஜுரத்துக்கப்புறம் எதுவுமே வரலை." அவர் கதவை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா தூங்கினப்புறம் உச்சந்தலையை மோந்து பாப்பேன். தினமும். அதுவாவது வராதான்னு."

"நான் சமைச்சது?"

"வரலை."

"அன்னைக்கு நான் கேட்டப்ப, எனக்குத் தெரியலை, நீயே பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் மண்டி போட்டேன்," என்றார் அவர். "நீ மேல நின்னு என்னையே பாத்துட்டிருந்தே. நான் சொன்னா சரியா இருக்கும்கற மாதிரி பாத்துட்டிருந்தே."

அக்கா ரேடியோவின் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை செய்தார். அவன் கைக்குட்டையைக் கையில் சுருட்டியபடி நின்றான்.

நூலகத்தம்மாளின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. ரேடியோ அவளைப் பார்த்த நாள் முதல் இதுதான் முதல் தடவை. அவள் அதைத் துடைக்கவில்லை.

"நீங்க சொல்லியிருந்தா நான் என் மூக்கை நம்பியிருப்பேன்," என்றாள். "அது சரியாத்தான் இருந்துது."